திரையில் ஒரு பச்சைப் புள்ளி

 

இம்மாதம் வேறொரு பொருளைப் பற்றி எழுதுவதாகவே இருந்தோம். கோடையில் குளிர்பதனப் பெட்டியைப் பேணும் முறை குறித்துப் பாதிவரை எழுதியும் முடித்திருந்தோம். அதனை ஒதுக்கி வைக்கும்படி செய்துவிட்டது, ஊசிமுனையிலும் சிறியதொரு புள்ளி.

எங்கள் தெருவில் ஒரு லாத்தா இருக்கிறார். தையல் தொழிலில் வரும் வருவாயைக் கொண்டே குடும்பம் நடத்தி வருபவர். பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் பாடங்கள் எல்லாம் கைப்பேசி வழியாகவே வருகின்றன என்பதால், தம் சாச்சா மகன் பயன்படுத்தி வந்த கைப்பேசி ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினார். ரமளான் மாதத்தில் கண்விழித்துத் தைத்த பணம் அது. வாங்கிய மூன்றாம் நாள் இரவு, விளக்கை அணைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்த மகள், "உம்மா, இதில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கிறது, துடைத்தாலும் போகவில்லை" என்றிருக்கிறாள்.

பத்து நாட்கள் அந்த லாத்தா யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிறகு இப்பகுதியைப் படித்து வரும் உரிமையில் நம் இல்லத்திற்கு வந்தார். "பழுது தெரிந்தேதான் அவன் இதை என் தலையில் கட்டிவிட்டான். வெளியாள் செய்திருந்தால் போகிறது என்று விட்டுவிடுவேன். அடுத்த வாரம் அவன் தங்கைக்கு நிக்காஹ். நான் போகப் போவதில்லை" என்று கூறினார். கைப்பேசியைவிடக் கனமான ஒன்றை அவர் மேசைமீது வைத்ததாகவே நமக்குப் பட்டது.

ஆகவே புள்ளியைப் பார்ப்பதற்கு முன், அது எங்கே குடியிருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

கைப்பேசித் திரையில் நாம் காணும் எழுத்தும் படமும் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனவை. லாத்தா கொண்டு வந்த கைப்பேசியின் திரையில் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 1,600 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 11 இலட்சத்து 52 ஆயிரம். ஒவ்வொரு புள்ளியும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான அகலம் உடையது. அந்தச் சிறு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்புள்ளிகள் அருகருகே அமைந்துள்ளன. எனவே அந்தத் திரையில் 34 இலட்சத்து 56 ஆயிரம் துணைப்புள்ளிகள் இருக்கின்றன. மூன்றும் முழுதாக ஒளிர்ந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. மூன்றும் மறைந்தால் கருமை. சிவப்பும் பச்சையும் மட்டும் ஒளிர்ந்தால் மஞ்சள். (இதனைக் கண்ணாலேயே காண விரும்பும் பிள்ளைகள், வெள்ளைத் திரையின் நடுவில் ஊசிமுனையால் மிகச் சிறிய நீர்த்துளி ஒன்றை வைத்துப் பார்க்கட்டும். துளி பூதக்கண்ணாடியாகி மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டும். பார்த்தவுடன் துடைத்துவிட வேண்டும். விளிம்புப் பக்கம் நீர் போகலாகாது.)

எல்சிடி வகைத் திரையில் இந்தத் துணைப்புள்ளிகள் தாமே ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து ஒரு விளக்கொளி எப்போதும் வீசிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு துணைப்புள்ளியும் ஒரு சிறு சன்னல். அதன் கதவு, திரவப் படிகம். அக்கதவைத் திறக்கவும் மூடவும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் காவலாளாக நிற்கிறது. காவலாள் ஒருவர் செயலிழந்து கதவு மூடியபடியே நின்றுவிட்டால், அங்கே எப்போதும் இருள். மூன்று கதவுகளும் அவ்வாறே நின்றுவிட்டால் முழுக் கரும்புள்ளி. பழுது பார்ப்போர் டெட் பிக்சல் என்பது இதனைத்தான். கதவு திறந்தபடியே நின்றுவிட்டால் அந்த நிறம் எப்போதும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும்; இதற்கு ஸ்டக் பிக்சல் என்று பெயர். ஓஎல்இடி வகைத் திரையில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு துணைப்புள்ளியும் தானே ஒரு விளக்கு. அங்கே பழுது பெரும்பாலும் கரும்புள்ளியாகவே வெளிப்படும்.

நாம் முதலில் செய்தது, மெல்லிய பருத்தித் துணியால் திரையைத் துடைத்தது. இதைச் சொல்வானேன் என்று எண்ண வேண்டாம். செத்த புள்ளி என்று கடைக்குக் கொண்டுபோகப்படுபவற்றில் காய்ந்த குழம்புத் துளியும் உண்டு. (அத்தர் தோய்ந்த கைக்குட்டையால் மட்டும் துடைக்காதீர்கள், திரையின் மேற்பூச்சு கெட்டுப்போகும்.) டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால், அதற்கும் திரைக்கும் நடுவே அகப்பட்ட தூசியும் புள்ளி போலவே தோன்றும். தலையைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் தூசி, அடியிலுள்ள எழுத்தைவிட்டு இலேசாக இடம் பெயர்வது போலத் தெரியும். படப்புள்ளி பெயராது.

அடுத்து, குறை திரையிலா அல்லது உள்ளே ஓடும் மென்பொருளிலா என்று பிரித்தறிய வேண்டும். அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. புள்ளி தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அப்படத்தை வேறொரு கைப்பேசிக்கு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது திரையின் ஒளியைப் பிடிப்பதன்று. திரைக்கு அனுப்பப்பட்ட கட்டளையின் நகல்தான். அங்கேயும் புள்ளி இருந்தால் குறை மென்பொருளிலோ படத்திலோ இருக்கிறது. அங்கே இல்லையென்றால் கட்டளை சரியாகவே வந்திருக்கிறது. அதனை நிறைவேற்ற வேண்டிய திரைதான் தவறுகிறது. லாத்தாவின் மகள் அனுப்பிய படம் நம் கைப்பேசியில் தூய்மையாக இருந்தது. எனவே குறை திரையில்தான். படத்தை நகர்த்தினாலும் கைப்பேசியைத் திருப்பினாலும் கண்ணாடியில் அதே இடத்தில்தான் புள்ளி நின்றது.

இன்னொரு மயக்கமும் உண்டு. எடுக்கும் புகைப்படங்களில் மட்டும் புள்ளி விழுந்து, மற்ற நேரங்களில் திரை சுத்தமாக இருந்தால், குறை கேமராவில் இருக்கிறது. திரைமீது பழி போட வேண்டாம்.

பிறகு தான் நிறச் சோதனை. திரை முழுவதையும் ஒரே நிறமாக்கிக் காட்டும் இலவசச் செயலிகள் பல உள்ளன. அவை இல்லாவிடினும், படம் வரையும் செயலியில் ஒரே நிறத்தை நிரப்பிச் சேமித்து, அதனைத் திரை முழுக்க விரித்துப் பார்க்கலாம். கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஐந்து நிறங்களும் வேண்டும். ஒன்றைக்கூட விடக் கூடாது. ஏன் என்பது இப்போது விளங்கும்.

கருப்புத் திரையில் பச்சைப் புள்ளி பளிச்சென்று நின்றது. சிவப்புத் திரையில் அதே இடம் மஞ்சளாகத் தெரிந்தது. நீலத் திரையில் வெளிர்நீலப் பச்சையாகத் தெரிந்தது. அருகிலுள்ள சிவப்போடும் நீலத்தோடும் பச்சை கலந்ததால் வந்த நிறங்கள் அவை. பச்சைத் திரைக்கு மாற்றினோம், புள்ளியைக் காணவில்லை. வெள்ளைத் திரைக்கு மாற்றினோம். லாத்தா கண்ணாடியை அணிந்துகொண்டு தேடினார், மகள் தேடினாள், நாமும் தேடினோம். எங்கும் இல்லை.

காரணம் எளியது. வெள்ளை என்பது மூன்று சன்னல்களும் திறந்திருக்கும் நிலை. பச்சைச் சன்னல் திறந்தபடி சிக்கிக்கொண்டிருந்தாலும், வெள்ளைத் திரையில் அது திறந்திருக்க வேண்டிய சன்னல்தான். அண்டை அயலார் எல்லோரும் கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில், கதவு மூடாத வீடு எது என்று தெருவில் நடப்பவருக்கு எவ்வாறு தெரியும்? எல்லோரும் அடைத்துக்கொண்டு உறங்கும் நள்ளிரவில் தான் தெரியும்.

நாம் லாத்தாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "தம்பி இந்தக் கைப்பேசியை எதற்குப் பயன்படுத்தினார்?"

"கடைக் கணக்கு எழுதுவான். சரக்குக்காரர்களுக்குச் செய்தி அனுப்புவான். வேறென்ன?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது. கணக்கும் செய்தியும் வெள்ளைப் பக்கத்தில் எழுதப்படுபவை. அதுவும் பகல் வெளிச்சத்தில். மகளோ கண் கூசுகிறதென்று டார்க் மோடு எனப்படும் கரும்பின்னணியை வைத்துக்கொண்டு, இருட்டில் படிப்பவள். ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தவர் காணாததை இவள் மூன்றே இரவில் கண்டதற்கு அதுவே போதிய விளக்கம். தவிர, இத்தகைய குறை எந்த நாளிலும் புதிதாகத் தோன்றக்கூடியது. கைமாறிய பின்னரே தோன்றியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். இச்சோதனையால் அவர் அறியவில்லை என்பது நிரூபணமாகிவிடவில்லை. அறியாமலிருந்திருக்கக் கூடும் என்பது மட்டுமே நிரூபணமாயிற்று. ஒரு சகோதரர்மீது நல்லெண்ணம் கொள்வதற்கு அவ்வளவு இடம் போதாதா என்று கேட்டோம். லாத்தா பதில் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டார்.

கரும்புள்ளியாக இருந்தால் சோதனை தலைகீழாகும். அது கருப்புத் திரையில் ஒளிந்துகொண்டு, வெள்ளைத் திரையில் காட்டிக்கொடுக்கும். வெள்ளைத் திரையில் மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் மட்டும் அணைந்திருக்கிறது. வெளிர்நீலப் பச்சையானால் சிவப்பு அணைந்திருக்கிறது. ஊதா கலந்த இளஞ்சிவப்பானால் பச்சை அணைந்திருக்கிறது. பழைய கைப்பேசி வாங்குவோர் கடையில் நின்றபடியே இவற்றைப் பார்த்துவிடலாம்; இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகாது. கையைக் குவித்துத் திரைமீது நிழல் செய்துகொண்டு பார்க்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். கடைகளின் வெளிச்சம் இத்தகைய குறைகளுக்கு நல்ல திரைச்சீலை.

புள்ளியல்லாத வேறு அடையாளங்களும் உண்டு. மைக்கறை போல் நாளுக்கு நாள் பரவும் கருமை, அடிபட்டோ அழுத்தப்பட்டோ உள்ளே உடைந்த திரையைக் காட்டும். மேலிருந்து கீழாக ஓடும் கோடு, இணைப்பிலோ திரையை இயக்கும் சில்லிலோ உள்ள கோளாறு. எல்சிடி திரையில் விளிம்பு மங்கலான வெண்ணிறத் திட்டு தோன்றினால் மட்டும் சற்று அஞ்சுங்கள். பின்னாலிருந்து ஏதோ அழுத்துகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அந்த ஏதோ, பல நேரங்களில் உப்பிய பேட்டரி. கைப்பேசியை மேசையில் மல்லாத்தி வைத்துச் சுழற்றினால் பம்பரம்போல் சுற்றுகிறதா, திரை ஓரத்தில் எழும்பி நிற்கிறதா என்று பாருங்கள். ஆம் எனில் அன்றே சார்ஜ் செய்வதை நிறுத்திவிட வேண்டும். அழுத்தித் தட்டையாக்க முயல்வதும் துளையிடுவதும் தீயை வீட்டுக்குள் அழைப்பதாகும். குழந்தைகளின் தலைமாட்டில் அதனை ஓர் இரவும் வைக்காதீர்கள். பச்சைப் புள்ளியால் படிப்பு கெடாது, இது அப்படியன்று.

சிக்கிய புள்ளியைச் சரிசெய்ய வழியுண்டா? அவ்விடத்தில் பல நிறங்களை மிக வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. சிக்கிய கதவு அந்த ஆட்டத்தில் விடுபடலாம் என்பது எண்ணம். சில நேரம் விடுபடும். பல நேரம் விடுபடாது. அரைமணி முதல் சில மணிநேரம் ஓடவிட்டுப் பார்ப்பதில் தீங்கில்லை. ஆனால் அது ஓடும்போது திரையைக் கவிழ்த்து வையுங்கள்; ஒளி மின்னலால் வலிப்பு வரக்கூடிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது மிக அவசியம். விரலால் அழுத்தித் தேய்ப்பது, சூடு காட்டுவது ஆகியவற்றை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு புள்ளியைக் காக்கப் போய் ஒன்பது புள்ளிகளை இழந்தவர்கள் உண்டு. முற்றிலும் அணைந்த புள்ளி மீள்வது அரிது. திரையை மாற்றுவதே வழி. ஒரு புள்ளிக்காகத் திரையை மாற்றுவது வீண் விரயம் என்பது நம் கருத்து.

இத்தகைய குறை கைப்பேசிக்கு மட்டும் உரியதன்று. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த சோனி நிறுவனத்தின் பிஎஸ்பி என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியில் 480க்கு 272 படப்புள்ளிகள் தாம் இருந்தன; அத்திரையிலும் புள்ளிக் குறை இருப்பதாக வாங்கியோர் அக்காலத்தில் முறையிட்டார்கள். உற்பத்தியாளர்கள் சில புள்ளிகளின் குறையைக் குறையாகவே கணக்கில் கொள்வதில்லை. கணினித் திரைகளுக்கென 2001ஆம் ஆண்டு வெளியான ஐஎஸ்ஓ 13406-2 என்னும் சர்வதேசத் தர விதி, அதன் இரண்டாம் வகுப்பில், பத்து இலட்சம் படப்புள்ளிகளுக்கு எப்போதும் ஒளிர்பவை 2, எப்போதும் இருண்டவை 2, துணைப்புள்ளிக் குறைகள் 5 வரை இருக்கலாம் என்று அனுமதித்தது. 2008இல் அதன் இடத்தை ஐஎஸ்ஓ 9241 வரிசை விதிகள் எடுத்துக்கொண்டன. கைப்பேசி நிறுவனங்களோ தத்தம் உத்தரவாதச் சீட்டில் தாமே ஓர் எல்லையை வகுத்துக்கொள்கின்றன. புதிதாக வாங்குவோர் அச்சீட்டின் பொடி எழுத்தை வாங்கும் முன்பே படித்துவிடுவது நல்லது.

இனி, லாத்தா உண்மையில் அறிய விரும்பிய செய்திக்கு வருவோம். ஒரு புள்ளி, மார்க்கத்தின் பார்வையில் விற்பனைப் பொருளின் குறை ஆகுமா? நம் ஃபிக்ஹு நூல்கள் இதனை ஐப் என்றும், குறை கண்டவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைக் கியாருல் ஐப் என்றும் வழங்குகின்றன. எது ஐப் என்பதற்கு ஹனஃபி சட்ட அறிஞர்கள் சொன்ன அளவுகோல் வியக்கத்தக்கது. வணிகர்களின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அதுவே குறை என்றார்கள். எனவே விடை நம் கையில் இல்லை; கடைத்தெருவில் இருக்கிறது. நாம் பழைய கைப்பேசி வாங்கி விற்கும் ஒரு கடையில் காட்டிக் கேட்டோம். கடைக்காரர் கருப்புத் திரையில் பார்த்துவிட்டு, "500 குறைத்துத்தான் எடுப்பேன், பாய்" என்றார். ஆக, ஐப்தான்.

திருப்பும் உரிமைக்கும் எல்லை உண்டு. ஷாஃபி மத்ஹபில், குறையை அறிந்ததும் தாமதியாமல் திருப்ப வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் அவ்வுரிமை நழுவிவிடும். ஹனஃபி மத்ஹபில், குறையை அறிந்த பின்னும் பொருளைத் தம் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டிருப்பது அதனை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகிவிடும். மனத்துக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டு பத்து நாள் பயன்படுத்தியது எவ்வகையிலும் நன்மையாக இல்லை. தத்தம் வழக்கின் விவரத்தைச் சொல்லி ஊர் ஆலிம்களிடம் தீர்ப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் ஃபத்வா கொடுப்பவர் அல்லோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீன் நூலில் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) என்னும் நபித்தோழர் ஓரிடத்தில் நின்றிருக்க, ஒருவர் தம் பெண் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். வாஸிலா (ரலி) சற்றே கவனம் பிசகியிருந்த வேளையில், வாங்கியவர் ஒட்டகத்தோடு போய்விட்டார். அவர் பின்னால் ஓடி, இறைச்சிக்காக வாங்கினீரா சவாரிக்காக வாங்கினீரா என்று வினவினார்கள். சவாரிக்கு என்றதும், அதன் குளம்பில் ஓர் ஓட்டை இருப்பதைத் தாம் கண்டதாகவும், தொடர் பயணத்தை அது தாங்காது என்றும் கூறினார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹத்தைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் குறைபட்டுக்கொண்டாராம். விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர். கண்டவர் என்ற ஒரே காரணத்தால் அந்த நபித்தோழர் ஓடினார்கள். இறைச்சிக்கென்றால் குறையாகாதது, சவாரிக்கென்றால் குறையாகிறது என்பதையும் கவனியுங்கள். கணக்கு எழுதுபவருக்கு இல்லாத புள்ளி, இரவில் படிப்பவளுக்கு இருக்கிறதல்லவா?

மறுநாள் மஃரிபுக்குப் பின், லாத்தாவின் அனுமதியோடு அந்தத் தம்பியை வரவழைத்தோம். நிக்காஹ் வேலைகளுக்கு நடுவே வந்திருந்தார். நாம் ஒன்றும் பேசாமல் வெள்ளைத் திரையைக் காட்டினோம். "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். கருப்புத் திரையைக் காட்டினோம். குனிந்து பார்த்தார், விரலால் துடைத்துப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"லாத்தா, வல்லாஹி எனக்கு இது தெரியாது" என்றார். சிறிது நேரம் கழித்து, "இதைச் சொல்வதற்கா பத்து நாள் என் வீட்டுப் படி ஏறாமல் இருந்தீர்கள்?" என்று கேட்டார். லாத்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தருவதாகச் சொன்னார். பாடக் குறிப்புகளெல்லாம் அதில் இருக்கின்றன என்று மகள் கொடுக்க மறுத்தாள். கடைக்காரர் சொன்ன 500 ரூபாயை அவர் எடுத்து வைத்தார். லாத்தா வாங்க மறுக்க, அவர் தர வற்புறுத்த, கடைசியில் அந்தப் பணம் மகள் கைக்குப் போயிற்று.

நிறம் மாற்றும் செயலியை இரண்டு இரவுகள் ஓடவிட்டுப் பார்த்தோம். புள்ளி அசையவில்லை, இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நிக்காஹுக்கு லாத்தா முதல் நாளே போய்விட்டார். மணப்பெண்ணின் சட்டையைத் தைத்தவரும் அவர்தாம் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

குளிர்பதனப் பெட்டியை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பார்ப்போம். வஸ்ஸலாம்.